கேஸ் மாத்திரை மார்பகப் புற்றுநோய்க்கு உதவுமா? (ஒமேப்ரசோல், பான்டப்ரசோல்)

செண்பகம்:
வணக்கம். என் தங்கைக்கு ட்ரிபிள் நெகட்டிவ் வகை (ஹார்மோன் ஏற்பிகளும் இல்லை, ஹெர்2 புரதமும் அதிகமில்லை) மார்பகப் புற்றுநோய். அறுவைக்கு முன்பே கீமோ ஆரம்பித்திருக்கிறார்கள். கொடுத்திருக்கும் மாத்திரைப் பட்டியலில் பான்டப்ரசோல் 40 இருக்கிறது, காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். இப்போது எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஒமேப்ரசோல் புற்றுநோயை அழிக்கிறதாம், விலை மலிவு என்பதால் மறைக்கிறார்களாம். சித்தப்பா அதைப் பார்த்ததிலிருந்து "ஒன்றுக்குப் பதில் நாலு போடட்டும், என்ன கெட்டுப்போகும்?" என்று நிற்கிறார். கடையில் சீட்டு கேட்காமலே தந்துவிட்டார்கள், அட்டை வீட்டுக்கு வந்தாயிற்று.

முழுப் பொய் என்றால் நேராகச் சொல்லிவிடுவேன். ஆனால் தேடிப் பார்த்தால் ஏதோ ஆய்வு நடந்திருப்பது போலத்தான் தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைவீதி பார்மசிஸ்ட்:
அக்கா, முதலில் அந்த அட்டைகளை எடுத்து ஓரமாக வையுங்கள். டாக்டர் எழுதிய 40 மில்லிகிராம் மட்டும் போகட்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.

அந்த 40 எதற்கு என்றால், கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போகும். வாந்தி வராமல் இருக்கவும், சில மருந்துகளுக்கு ஒவ்வாமை வராமல் இருக்கவும் அதைக் கொடுப்பார்கள். அது சிலருக்கு வயிற்றைப் புண்ணாக்கும். அதைத் தடுக்கத்தான் பான்டப்ரசோல். புற்றுக்காக எழுதியது இல்லை.

இந்த வகை மாத்திரைகள் எல்லாமே இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களில் இருக்கும் புரோட்டான் பம்பைப் பூட்டிவிடுகின்றன. ஒமேப்ரசோல்தான் முதலில் வந்தது, 1988இல் ஸ்வீடனில். லான்சோப்ரசோல், பான்டப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் அதன் தம்பி தங்கைகள். புற்று ஆய்வு பற்றி நான் மேலோட்டமாகத்தான் படித்திருக்கிறேன். ஆய்வுக்கூட அக்கா வந்தால் சரியாகச் சொல்வார்.

ஆய்வுக்கூடத்துப் பெண்:
வந்துவிட்டேன். செண்பகம், வீடியோக்காரர் சொன்னதில் ஒரு உண்மையான நூல் இருக்கிறது. அதை எவ்வளவு இழுத்திருக்கிறார் என்பதுதான் பிரச்சினை.

புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே சர்க்கரையை அரைகுறையாக எரித்து லாக்டிக் அமிலமாக்குகின்றன. ஓட்டோ வார்பர்க் இதை 1920களிலேயே கவனித்துவிட்டார். அவ்வளவு அமிலம் உள்ளே தேங்கினால் செல்லே செத்துப்போகும். அதனால் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை மோட்டார் போட்டுத் தெருவில் இறைப்பது போல வெளியே தள்ளிவிடுகிறது. செல்லுக்குள் சரியாகிவிடும், சுற்றுப்புறம் புளித்துப்போகும். சாதாரண திசுவில் பிஎச் 7.4 அருகே இருக்கும். கட்டியைச் சுற்றி 6.5 முதல் 6.9 வரை இறங்கிவிடும். அந்தப் புளிப்பில் நோய் எதிர்ப்புச் செல்கள் சோர்ந்துபோகின்றன, புற்றுச் செல் பக்கத்துத் திசுவுக்குள் நுழைவது எளிதாகிறது. டாக்ஸோரூபிசின் மாதிரி காரத்தன்மையுள்ள கீமோ மருந்துகளும் அங்கே சரியாக உள்ளே போவதில்லை. போனாலும் செல்லுக்குள் இருக்கும் அமிலப் பைகளில் மாட்டிக்கொள்கின்றன, டிஎன்ஏ வரை போய்ச் சேருவதில்லை.

அந்த 'மோட்டார்' வேலையைச் செய்பவற்றில் ஒன்று வி-ஏடிபேஸ் என்ற பம்ப். இரைப்பையில் இருப்பது வேறு பம்ப், ஆனால் ஒமேப்ரசோல் வகை மருந்து அதிக அளவில் வி-ஏடிபேஸையும் கொஞ்சம் தடுக்கிறது. ரோமில் ஸ்டெஃபானோ ஃபைஸ் குழு 2004இல் இதைக் காட்டியது. மருந்துக்கு மசியாத புற்றுச் செல்களுக்கு முதலில் இந்த மாத்திரை மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கீமோ கொடுத்தால், கீமோ மறுபடி வேலை செய்தது. இந்தத் துறை சூடு பிடித்தது அங்கிருந்துதான்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத் தட்டிலும் எலியிலும். மனிதர்களில் நடந்ததைத் தனியாக எழுதுகிறேன், அதுதான் உங்களுக்கு முக்கியம்.

கீழவாசல்:
நல்ல விளக்கம். ஆனால் வீடியோக்காரரை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். காப்புரிமை முடிந்த மருந்து. ஒரு மாத்திரை சில ரூபாய். எந்தக் கம்பெனி கோடிக்கணக்கில் போட்டு இதைச் சோதிக்கும்? புது மருந்து என்றால் ஓடி வருவார்கள். "மறைக்கிறார்கள்" என்பது தப்பான வார்த்தையாக இருக்கலாம், "கண்டுகொள்வதில்லை" என்பது சரிதானே?

ஆய்வுக்கூடத்துப் பெண்:
கீழவாசல், "கண்டுகொள்வதில்லை" என்பதில் எனக்கு உங்களோடு உடன்பாடுதான், அதற்கு வருகிறேன். முதலில் மனிதர்களில் நடந்தவை.

ஒன்று, ஷாங்காய், ஃபூதான் பல்கலைக்கழகம், 2015. உடலில் வேறு இடங்களுக்குப் பரவிவிட்ட மார்பகப் புற்று உள்ள 94 பெண்கள். எல்லோருக்கும் டோசிடாக்சல், சிஸ்பிளாட்டின் கீமோ. ஒரு பிரிவினருக்கு அது மட்டும். மற்ற இரண்டு பிரிவினருக்குக் கூடவே எசோமெப்ரசோல், ஒரு நாளைக்கு 160 அல்லது 200 மில்லிகிராம். தினமும் இல்லை, வாரத்தில் சில நாட்கள் கொடுத்து மற்ற நாட்களில் நிறுத்திவிடுவார்கள். மாத்திரை சேர்ந்தவர்களில் 67.7 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, சேராதவர்களில் 46.9 சதவீதம். நோய் மறுபடி முன்னேற ஆன காலம் 9.7 மாதம், 7.5 மாதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் புள்ளியியல் கணக்கில் நூலிழையில்தான் தேறியது. ட்ரிபிள் நெகட்டிவ் பெண்களில் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது என்று வீடியோக்கள் சொல்வது இந்த ஆய்வை வைத்துத்தான். அந்தப் பிரிவில் இருந்தவர்களோ ஒரு கைப்பிடி. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இரண்டாவதுதான் உங்கள் தங்கை நிலைமைக்கு நெருக்கமானது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு, 2021இல் வெளியானது. அறுவைக்கு முன் கீமோ எடுக்கும் ட்ரிபிள் நெகட்டிவ் பெண்கள் 42 பேர். ஒமேப்ரசோல் 80 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று. கீமோவுக்குச் சில நாள் முன்பே ஆரம்பித்து அறுவை வரை. இங்கே குறி பம்ப் இல்லை, ஃபேட்டி ஆசிட் சின்தேஸ் என்ற நொதி. புற்றுச் செல் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்வது இதை வைத்துத்தான். ட்ரிபிள் நெகட்டிவ் கட்டிகளில் இது பெரும்பாலும் அதிகமாக இருக்கும். ஒமேப்ரசோல் இதையும் தடுக்கிறது என்று அதே பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே கண்டிருந்தார்கள்.

முடிவு: அறுவையின்போது கட்டியில் உயிருள்ள புற்றுச் செல்லே மிச்சமில்லை என்ற நிலை ஏறக்குறைய 72 சதவீதம் பேருக்கு. ஒமேப்ரசோலால் பெரிய பக்கவிளைவு இல்லை. கீமோ தொடங்கும் முன்பே, வெறும் ஒமேப்ரசோல் போட்ட அந்தச் சில நாட்களிலேயே, கட்டியில் அந்த நொதியின் அளவு இறங்கியிருந்தது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மருந்து குறி வைத்த இடத்தைப் போய்த் தொட்டிருக்கிறது என்பதற்கு நோயாளியின் உடம்பிலிருந்தே சாட்சி.

ஆனால் ஒப்பிடுவதற்கு ஒமேப்ரசோல் போடாத குழுவே அதில் இல்லை. 72 என்ற எண்ணில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, கீமோவின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

கீழவாசல்:
72 சதவீதம்! சாதாரணமாக 40, 50தானே வரும்?

புறநோயாளிப் பிரிவு:
நான் மருத்துவர், புற்றுநோய்ப் பிரிவில் வேலை. குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இந்த இடத்தில் நிறுத்தியாக வேண்டும்.

வேறு வேறு ஆய்வுகளின் சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஆபத்து. கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து சேர்ந்ததா, கட்டி எவ்வளவு பெரிது, நெறிகட்டியிருந்ததா, யாரைச் சேர்த்தார்கள் என்பதை வைத்து எண் மேலும் கீழும் போகும். கீநோட் 522 என்ற பெரிய ஆய்வில் கீமோ மட்டும் எடுத்தவர்களுக்கே 51 சதவீதம் வந்தது. நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தும் சேர்ந்தவர்களுக்கு 65 அருகே. அதில் இரண்டு குழு இருந்தது, சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். அதனால் அந்த வித்தியாசத்தை நம்ப முடிகிறது.

இன்னொரு கவலையும் உண்டு. இப்போது வசதியுள்ள இடங்களில் ஆரம்பநிலை ட்ரிபிள் நெகட்டிவுக்கு அந்தப் பெம்ப்ரோலிசுமாபும் சேர்க்கிறார்கள். ஒமேப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை (சுருக்கமாக, அமில மாத்திரை) குடல் பாக்டீரியாக்களை மாற்றிவிடுகிறது. வேறு புற்றுகளில் இவ்வகை இம்யூனோதெரபி எடுத்தவர்களைப் பின்னோக்கிப் பார்த்த சில ஆய்வுகளில், அமில மாத்திரை போட்டவர்களுக்குப் பலன் குறைந்திருந்தது. மாத்திரைதான் காரணமா, அல்லது ஏற்கெனவே உடம்பு தளர்ந்தவர்கள்தான் அதிகம் மாத்திரை போட்டார்களா என்பது தெளிவில்லை. ஆனால் "என்ன கெட்டுப்போகும்" என்று சித்தப்பா கேட்டதற்கு இது ஒரு பதில்.

மற்ற பதில்கள்: நீண்ட நாள் போட்டால் ரத்தத்தில் மெக்னீசியம் இறங்கும், பிளாட்டினம் வகைக் கீமோவும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் கைகால் பிடித்து இழுப்பதிலிருந்து இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். பி12 குறையும். எலும்பு முறிவு ஆபத்து பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010இலேயே எச்சரித்தது. ஹார்மோன் வகை மார்பகப் புற்றுக்கு லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போடும் பெண்களுக்கு எலும்பு ஏற்கெனவே மெலிகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வளர்மதி:
எலும்பு என்றதும் எழுதத் தோன்றியது. எனக்கு ஹார்மோன் வகை, பரவியது. லெட்ரோசோலும் பால்போசிக்ளிப் காப்ஸ்யூலும் எடுத்துக்கொண்டிருந்தேன். பல வருடமாகவே எனக்குக் கேஸ் டிரபிள், காலையில் எழுந்ததும் ரபெப்ரசோல் போடுவது பழக்கம். அதோடு சேர்த்தே பால்போசிக்ளிப்பையும் வெறும் வயிற்றில் விழுங்கிவிடுவேன், மறக்காமல் இருக்கட்டும் என்று. பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனையில் "வேறு மாத்திரை ஏதும் போடுகிறீர்களா" என்று கேட்டார்கள். சர்க்கரை மாத்திரையைச் சொன்னேன். கேஸ் மாத்திரையை யாராவது மருந்து என்று நினைப்போமா? அவர்களும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு சிஸ்டர்தான் என் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்து, இரண்டையும் ஒரே கட்டத்தில் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார்.

என் கேள்வி இதுதான்: புற்றை இந்த மாத்திரை குறைக்குமா என்று எல்லோரும் பேசுகிறீர்கள். புற்று மருந்தையே இது கெடுக்கும் என்பதை ஏன் யாரும் முதல் வரியில் சொல்வதில்லை?

கடைவீதி பார்மசிஸ்ட்:
வளர்மதி அக்கா சொன்னதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும். மார்பகப் புற்றுக்கான சில வாய்வழி மருந்துகள் இரைப்பையில் அமிலம் இருந்தால்தான் கரையும். அமிலத்தை நிறுத்திவிட்டால் விழுங்கிய மருந்து கரையாமலே போய்விடும்.

பால்போசிக்ளிப் காப்ஸ்யூல்: வெறும் வயிற்றில் ரபெப்ரசோலோடு சேர்ந்தால் ரத்தத்தில் சேரும் அளவு 62 சதவீதம் குறைகிறது. பாதிக்கு மேல் வீண். சாப்பாட்டோடு எடுத்தால் இழப்பு 13 சதவீதம்தான். அதனால்தான் காப்ஸ்யூலைச் சாப்பிட்டபின் போடச் சொல்கிறார்கள். பின்னால் வந்த மாத்திரை வடிவத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அட்டையில் காப்ஸ்யூலா, டேப்லெட்டா என்று பாருங்கள்.

நெராடினிப்: ஹெர்2 வகைக்குக் கொடுப்பது. அமில மாத்திரையோடு சேரவே கூடாது. லான்சோப்ரசோலோடு சேர்ந்தபோது அளவு 65 சதவீதம் இறங்கியது.

வாய்வழிக் கீமோவான கேப்சைட்டபினில் வாதம் இன்னும் ஓடுகிறது. இரைப்பைப் புற்று ஆய்வொன்றின் தரவைத் திரும்ப அலசியபோது அமில மாத்திரை போட்டவர்கள் குறைந்த நாளே வாழ்ந்திருந்தார்கள். வேறு சில அலசல்களில் அப்படி வரவில்லை.

பால்போசிக்ளிப் வகையைச் சேர்ந்த ரைபோசிக்ளிப், அபிமாசிக்ளிப் இரண்டுக்கும் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஹார்மோன் வகைக்குக் கொடுக்கும் டமாக்சிபனையும் இது அப்படிக் கெடுப்பதில்லை. ஊசியில் போகும் கீமோவுக்கு வயிற்றில் கரையும் கதையே கிடையாது, செண்பகம் அக்கா அதில் பயப்பட வேண்டாம்.

கீழவாசல்:
சரி, பாதுகாப்பு விஷயம் புரிகிறது. ஆனால் என் பழைய கேள்வி நிற்கிறது. இவ்வளவு அறிகுறி இருந்தும் ஏன் யாரும் பெரிய ஆய்வு செய்யவில்லை?

ஆய்வுக்கூடத்துப் பெண்:
பணம் ஒரு காரணம், மறுக்க மாட்டேன். ஆனால் அறிவியல் சந்தேகமும் நியாயமானது. ஒமேப்ரசோல் விழுங்கும்போது செயலற்ற மருந்து. இரைப்பைச் செல்லின் அமிலக் குழியில், பிஎச் 1 அருகே, சில நிமிடங்களில் உருமாறித்தான் வேலையைத் தொடங்கும். கட்டியைச் சுற்றி 6.5தான். அங்கே அது மெதுவாகவே உருமாறும். ரத்தத்திலும் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆகவே கட்டிக்கு உள்ளே போதிய அளவு, போதிய நேரம் தங்குமா என்பது திறந்த கேள்வி. கனடாவில் டானக் குழு பான்டப்ரசோலை ஊசியாகக் கொடுத்து டாக்ஸோரூபிசினோடு சோதித்தது, 240 மில்லிகிராம் வரை மனிதர் தாங்குகிறார்கள் என்று தெரிந்தது. பிறகு புராஸ்டேட் புற்றில் டோசிடாக்சலோடு சேர்த்துப் பார்த்தபோது எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை.

மெட்ஃபார்மின் கதையையும் நினைவில் வையுங்கள். சர்க்கரை மாத்திரை போட்ட பெண்களுக்கு மார்பகப் புற்று நன்றாகக் கட்டுப்படுகிறது என்று எத்தனை அலசல்கள்! எலியிலும் அருமையாக வேலை செய்தது. கடைசியில் 3,649 பேரை வைத்து ஒழுங்காகச் சோதித்தார்கள், முடிவு 2022இல் வந்தது. நோய் திரும்புவதில் எந்த வித்தியாசமும் இல்லை.

ஆனால் மலிவு மருந்து என்றால் சோதிக்கவே மாட்டார்கள் என்பதும் உண்மை இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் தலைமையில் இந்தியாவில் 11 மையங்களில், தையல் போடும்போது மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்த லிடோகெய்னை அறுவைக்குச் சில நிமிடம் முன் கட்டியைச் சுற்றிச் செலுத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய 1,600 பெண்கள், பாதிப்பேருக்கு ஊசி, பாதிப்பேருக்கு இல்லை. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 90.1 சதவீதம், ஊசி இல்லாதவர்களில் 86.4. 2023இல் வெளியானது. அதன் மீதும் விவாதம் உண்டு, இருக்கட்டும். நான் சொல்ல வருவது, கம்பெனி இல்லாமலே, நம் நாட்டிலேயே, சீட்டுக் குலுக்கி, இத்தனை பேரை ஐந்து வருடம் பின்தொடர முடிந்திருக்கிறது. இந்தியாவில் மார்பகப் புற்று வருபவர்களில் ட்ரிபிள் நெகட்டிவ் விகிதம் மேற்கு நாடுகளைவிட அதிகம். ஒமேப்ரசோல் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய கடமை நமக்குத்தான் கூடுதலாக இருக்கிறது. கீழவாசல், உங்கள் கோபத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். ஆய்வு கேட்டுக் குரல் கொடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அதிக அளவு மாத்திரையை வீட்டில் போட்டுப் பார்ப்பதால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

கீழவாசல்:
லிடோகெய்ன் விஷயம் எனக்குப் புதுசு. நன்றி. நம்மவர்களை வைத்துச் சோதித்தால் முடிவும் வேறாக வருமா? அல்லது அமெரிக்க அளவையே எடுத்துக்கொள்ளலாமா?

ஆய்வுக்கூடத்துப் பெண்:
அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒமேப்ரசோலைக் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி2சி19 என்ற நொதி. அது மந்தமாக வேலை செய்யும் மரபணு வடிவம் தமிழர்களிடம் சாதாரணமாகக் காணப்படுகிறது என்று புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2003லேயே எழுதியிருக்கிறார்கள். மந்த வகைக்காரர் விழுங்கும் 80 மில்லிகிராம், வேகமாக உடைப்பவர் உடம்பில் இருப்பதைவிடப் பல மடங்கு நேரம் ரத்தத்தில் நிற்கும். கட்டிக்கு அது நல்லதாகவும் இருக்கலாம், பக்கவிளைவு கூடவும் செய்யலாம். இங்கே நடக்கும் ஆய்வில் அந்த ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

செண்பகம்:
எல்லோருக்கும் நன்றி. கீமோவுக்குப் போனபோது இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். டாக்டர் திட்டவில்லை, உட்கார வைத்துப் பேசினார். இண்டியானா ஆய்வு அவருக்கும் தெரிந்திருந்தது. ஆய்வுக்கு வெளியே அந்த அளவு கொடுக்க மாட்டேன் என்றார். பான்டப்ரசோலும் ஸ்டீராய்டு போகும் நாட்களுக்கு மட்டும் போதும், நடுவில் நெஞ்செரிச்சல் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று சீட்டில் மாற்றி எழுதினார். மெக்னீசியத்தையும் ரத்தப் பரிசோதனையில் சேர்த்திருக்கிறார். சித்தப்பாவிடம் தங்கையே பேசிவிட்டாள். "என் உடம்பில் நான் சோதனை செய்ய மாட்டேன், ஆய்வு வந்தால் முதல் ஆளாகச் சேருவேன்" என்றாள். அவர் பதில் பேசவில்லை, அட்டைகளை எடுத்துப் போய்விட்டார்.

மழைநேரம்:
இழையைப் படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. என் அம்மா நெராடினிப் எடுக்கிறார். அமில மாத்திரை இல்லை, ஆனால் எரிச்சல் வந்தால் ஜெலூசில் குடிப்பார். அதுவும் கூடாதா?

கடைவீதி பார்மசிஸ்ட்:
ஜெலூசில் குடிக்கலாம், ஆனால் குடித்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் நெராடினிப் போட வேண்டும். அமிலத்தை வேறு வழியில் குறைக்கும் ஃபாமோடிடின் மாதிரி மாத்திரை என்றால் கணக்கு வேறு: நெராடினிப்பை அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அதைப் போட்டுப் பத்து மணி நேரம் கழித்து. ஒமேப்ரசோல், பான்டப்ரசோல் வகையறா வேண்டவே வேண்டாம். எரிச்சல் அடிக்கடி வருகிறதென்றால் அடுத்த ஓபிக்குப் போகும்போது ஜெலூசில் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள் தம்பி.